ஏற்காட்டில் பார்க்க ஏரி மட்டும்தானா?

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கொல்லைப்புறத்துக் கிணறு மாதிரி. நினைத்தால் போகலாம் என்பதாலேயே நினைப்பதில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் மலை ஏறுகிறோம். ஏறினாலும் என்ன? ஏரியில் அரை மணி படகு, அண்ணா பூங்காவில் ஒரு சுற்று, லேடீஸ் சீட்டில் நின்று ஒரு போட்டோ, கையில் ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜி, பொழுது சாய்வதற்குள் வீடு. ஏற்காடு பார்த்தாயிற்று என்று கணக்கு எழுதிவிடுவோம்.

ஆனால் அந்த மலையில் பழைய சங்கதிகள் நிறைய இருக்கின்றன, சகோதரிகளே. கல்லைத் தேய்த்துக் கோடாலி செய்த ஜனங்கள் காலத்திலிருந்து காப்பித் தோட்டம் போட்ட கலெக்டர் காலம் வரை எத்தனையோ. இந்த ஏப்ரல் மாதம் அவற்றை மட்டும் பார்ப்பது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு போனோம். படகுத் துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்குக் காரணம் என் தங்கை மகள்.

தங்கை பதின்மூன்று வருஷமாக ஜித்தாவில் குடித்தனம் பண்ணியவள். சவூதி அரேபியாவில் 2017 ஜூலையிலிருந்து, வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் குடும்பத்தாரில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. வருஷா வருஷம் நூறு நூறாக ஏறி, 2020ல் தலைக்கு 400 ரியால் ஆகிவிட்டது. தங்கை, இரண்டு குழந்தைகள், மூன்று பேருக்கு மாதம் 1,200 ரியால். வீட்டு வாடகை தனி, பள்ளிக்கூடச் சம்பளம் தனி. சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை மட்டும் அங்கே அறையில் தங்கிக்கொள்வது, இவள் குழந்தைகளோடு சேலத்துக்கு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. வளைகுடாவுக்குப் போன எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்.

சின்னவனுக்கு ஏழு வயசு. வந்த மறுநாளே தெருப் பிள்ளைகளோடு பம்பரம் விடப் போய்விட்டான். பெரியவளுக்குப் பன்னிரண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். எதைக் காட்டினாலும், "இங்க என்ன இருக்கு பெரியம்மா?" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்ல மாட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்பாள். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவளுக்குப் பிடித்த இடம் ஜித்தாவின் பழைய ஊர். பலத் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவாளாம். போனில் போட்டோ போட்டோவாகக் காட்டினாள். செங்கடலிலிருந்து வெட்டியெடுத்த பவழப் பாறையால் கட்டிய மாடி வீடுகள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே தொங்குகிற மரக்கூண்டு. ரோஷன் என்று பெயர். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இருக்கும் பெண்கள் தெரியமாட்டார்கள், காற்று மட்டும் தாராளமாக வரும். அந்த மரத்தில் நம் தேசத்துத் தேக்கும் உண்டாம். மெக்கா வாசல் என்று ஒரு கோட்டை வாசல். நசீஃப் வீடு என்று 106 அறைகள் கொண்ட ஒரு வீடு, 1872ல் ஆரம்பித்து 1881ல் கட்டி முடித்தது. அதன் படிகள் எவ்வளவு அகலம், எவ்வளவு தாழ்வு என்றால், சாமான் சுமந்த ஒட்டகம் நேராக மாடிச் சமையலறை வரை ஏறிப் போகுமாம்! (மளிகைப் பையோடு மூன்றாவது மாடி ஏறுகிற சகோதரிகள் பெருமூச்சு விடலாம்.) அந்த வீட்டு வாசலில் ஒரு மரம். ஒரு காலத்தில் ஊர் முழுவதற்கும் அந்த ஒரு மரம்தான் அடையாளமாம். என்ன மரம் என்று உற்றுப் பார்த்தேன். நம் வேப்ப மரம்!

இந்தப் பழைய ஊரை 2014ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. "எங்க ஊர்" என்றுதான் அவள் சொல்வாள். நான் திருத்தவில்லை. பிறந்த ஊரை எங்க ஊர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நம் பக்கத்தில் பழைய ஊர் என்று எதைக் காட்டுவது? தஞ்சாவூர், மதுரை எல்லாம் ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரமில்லை. ஏற்காடு முப்பது கிலோ மீட்டருக்குள். எங்கள் அம்மா, "சேர்வராயனைப் பாத்து இருபது வருஷம் ஆச்சு, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். எழுபது வயசு, முழங்கால் வலி. ஆகவே பஸ் வேண்டாம் என்று வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். சேலம் பஸ் நிலையத்திலிருந்து அரசு பஸ்ஸும் போகிறது. செலவு குறைவு, ஜன்னல் சீட் கிடைத்தால் அதைவிடச் சுகமில்லை.

கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மலைப் பாதையில் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் இருக்க வேண்டுமானால், வெறும் வயிற்றோடும் கூட்டிப் போகாதீர்கள், பூரி கிழங்கும் கொடுக்காதீர்கள். புறப்படுவதற்கு ஒன்றரை மணி முன்னால் இரண்டு இட்லி போதும். காரில் போன் பார்க்கவோ புத்தகம் படிக்கவோ விடக்கூடாது. தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குக் காது அடைத்து வலித்தால் அழும். அந்த நேரம் பால் கொடுத்தால் விழுங்க விழுங்க அடைப்பு விட்டுவிடும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். ஏறின பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். இவ்வளவு ஜாக்கிரதை பண்ணியும் எங்கள் சின்னவன் பதினான்காவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னான். எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்ததும் சரியாயிற்று.

மேலே போகப் போக காற்றில் ஒரு வாசனை. மல்லிகையா, ஆரஞ்சுப் பூவா என்று புரியாத மாதிரி. டிரைவர்தான், "காப்பிப் பூ வாசம்மா" என்றார். பத்து நாள் முன்பு நல்ல மழை பெய்திருந்தது. காப்பிச் செடி கோடை மழைக்குக் காத்திருந்து, மழை விழுந்து எட்டு, பத்து நாளில் ஒரே சமயத்தில் பூத்துத் தள்ளும். கிளை நீளத்துக்கும் வெள்ளை. இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். இத்தனை தடவை போயும் எனக்கு இந்தத் தடவைதான் அந்தக் கொடுப்பினை. சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிழல் கொடுக்க, அவற்றின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே இடுப்பளவுக் காப்பிச் செடிகள். காரை ஓரம் கட்டி இறங்கினோம். அம்மா ஒரு பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். "ஒரு பூ ஒரு காய்ம்மா, வேண்டாம்" என்று டிரைவர் தடுத்துவிட்டார்.

"என்ன செடி பெரியம்மா?"

"காப்பி. அராபிகா."

"அரேபியாவா?"

அவள் முகம் நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் வீட்டில் கொஞ்சம் படித்து வைத்திருந்தது கைகொடுத்தது. காப்பிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பியா. அதைப் பயிராக்கி ஒரு பானமாகக் குடிக்க ஆரம்பித்தது செங்கடலுக்கு அக்கரையில் இருக்கிற யேமன் தேசத்தில். சூஃபி பெரியவர்கள் ராத்திரி தூங்காமல் தொழுகையில் இருப்பதற்காகக் குடித்தார்களாம். அரபியில் கஹ்வா என்ற வார்த்தைதான் ஊர் ஊராகச் சுற்றி நம்மிடம் காப்பி ஆயிற்று. மோக்கா என்ற துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும். வேறு யாரும் பயிரிட்டுவிடக் கூடாது என்று கொட்டையை வேகவைத்தோ வறுத்தோதான் வெளியே விடுவார்களாம். பதினேழாம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை போன பாபா புடான் என்ற மகான் ஏழு பச்சைக் கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து, மைசூர்ச் சீமையில் சிக்மகளூர் பக்கத்து மலையில் நட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அந்த மலைக்கே அவர் பெயர்தான். அங்கிருந்து தெற்கே பரவி, சேர்வராயன் மலைக்கு 1820களில் வந்து சேர்ந்தது.

"அப்ப ஜித்தா வழியாத்தான் வந்திருக்கும்" என்று முடிவு கட்டிவிட்டாள். ஹஜ் போகிறவர்கள் இறங்குகிற துறைமுகம் ஜித்தா என்பது அவள் கணக்கு. மறுத்துப் பேச எனக்கு மனசில்லை. கணக்கும் தப்பென்று சொல்ல முடியாது.

கொண்டுவந்து நட்டவர் எம்.டி. காக்பர்ன். ஸ்காட்லாந்துக்காரர், 1820லிருந்து 1829 வரை சேலம் ஜில்லா கலெக்டர். காப்பியோடு பேரிக்காய், கொய்யா எல்லாம் இந்த மலையில் போட்டுப் பார்த்தவர் அவர். ஏற்காட்டின் தந்தை என்று சொல்வார்கள். சில வழிகாட்டிப் புத்தகங்களில் சர் தாமஸ் மன்றோ 1842ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று போட்டிருக்கிறது. மன்றோ 1827லேயே காலராவில் இறந்துபோனவர். செத்தவர் எழுந்து வந்து மலையைக் கண்டுபிடித்தாரா? தவிர, மலையில் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் குடியிருக்க, இன்னொருவர் வந்து "கண்டுபிடிப்பது" என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

காக்பர்ன் காலத்து வீடு கிரேஞ்ச். ஏற்காட்டிலேயே பழைய கட்டடம். கல்லால் கட்டி, கோட்டை மாதிரி மதில் முகப்பு வைத்தது. 1857ல் வடக்கே சிப்பாய்கள் கிளம்பியபோது, இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இந்த வீட்டில் புகுந்துகொள்ளலாம் என்று பீரங்கி வைத்து, நிலவறையில் தானியம் சேமித்து வைத்தார்களாம். இந்த மலைக்கு ஒரு சிப்பாயும் வரவில்லை. இப்போது தனியார் தோட்டத்துக்குள் இருக்கிறது. நாங்கள் வெளியில் நின்று மரங்களின் இடுக்கில் தெரிந்த கல் சுவரைப் பார்த்தோம், அவ்வளவுதான். நசீஃப் வீட்டுக்குள் போய் ஒட்டகப் படி ஏறிப் பார்த்தவளுக்கு இது சப்பென்றிருந்தது. அவள் மேல் தப்பில்லை.

ஆனால் ஊருக்குள்ளே இருக்கிற பரிசுத்த திரித்துவ தேவாலயத்தில் வேறு மாதிரி. அங்கே போகலாம் என்றதும் அம்மாவே, "கோயிலுக்குன்னு சொல்லி சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறியே" என்று சிரித்தார்கள். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவருடைய நினைவிடம் இருக்கிறது. பெயர் நமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

அவர் பூமியைத் தோண்டிக் கல்லையும் மண்ணையும் ஆராய்கிற அரசாங்க உத்தியோகஸ்தர். 1863 மே 30ந் தேதி, நம் சென்னைப் பல்லாவரத்தில் சரளைக் கல் குழியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். பார்த்தவுடன் இது தானாக உடைந்த கல் இல்லை, மனுஷன் கையால் செதுக்கிய கோடாலி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அந்த அத்திரம்பாக்கத்தில் வருஷக்கணக்காக அகழ்ந்து ஆராய்ந்து, அங்கே கிடைக்கிற கல் கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011ல் உலகத்துக்குச் சொன்ன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி, சாந்தி பப்பு. நம்மிடம் கரண்டி பிடிக்கிற கை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் கவனிக்கட்டும்.

ஃபூட் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு வாழ்ந்தார். ஊர் ஊராக அவர் சேர்த்த கல் கருவிகளையும் மட்பாண்டங்களையும் 1904ல் சென்னை அருங்காட்சியகத்துக்காக அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அவர் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். சாம்பலை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். எங்கேயோ இங்கிலாந்தில் பிறந்து, கல்கத்தாவில் கண்ணை மூடி, ஏற்காட்டு மண்ணில்.

அவருடைய மாமனாரும் நம்மவர் மாதிரிதான். பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். அப்புறம் சென்னைக்கு வந்து 1855ல் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகை ஆரம்பித்தார். ஆறாயிரத்துக்கு மேல் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து 1874ல் புத்தகமாகப் போட்டவர். அவரும் இந்த மலையில்தான், 1882ல், காலமானார். நம் பாட்டிமார் வாயில் கிடந்ததையெல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "ஆறாயிரமா? எனக்கே ஒரு ஐந்நூறு தெரியுமே" என்றார்கள், கொஞ்சமும் அசராமல்.

பெரியவள் ஒன்றும் பேசவில்லை. ஃபூட் பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அங்கே அப்போது காலை வேலை நேரம். பதில் வரவில்லை.

மத்தியானம் மர நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். புளிச்சாதம், தயிர்சாதம், வடகம், மாவடு. குரங்குகள் தொல்லை ஜாஸ்தி. பையைத் திறந்து வைத்துவிட்டுப் பேச்சில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். இன்னொன்று, தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் டப்பா, துணிப் பை, வீட்டுத் தண்ணீர் கொண்டுபோனால் மலைக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. ஏப்ரலில்கூட சாயங்காலம் குளிரும். குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

சாப்பிட்டபின் சேர்வராயன் கோயில். இந்த மலைத்தொடருக்கே பெயர் கொடுத்த சாமி. ஊரிலிருந்து இன்னும் மேலே, 5,300 அடிக்கு மேல். கோயில் வாசல் வரை கார் போகிறது. மேலே போனால் மலை உச்சி என்றே தோன்றாது. ஆகாசத்துக்குக் கீழே ஒரு பெரிய களம் போட்ட மாதிரி புல்வெளி, ஓயாத காற்று. கோபுரம் கிடையாது, பிராகாரம் கிடையாது. ஒரு குகைதான் கோயில். தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலைக்கு ஒரு சாமி, ஆற்றுக்கு ஒரு சாமி, இருவரும் சேர்ந்து இருட்டில் விளக்கொளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குகை அப்படியே காவேரி வரை போகிறது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனவர்கள் வெகு நேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். திருநீறு வாங்கிக்கொண்டு பூசாரியிடம் குடும்ப விவரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஜித்தாவில் தனியாக இருப்பது உட்பட.

கோயில் மலையாளி மக்களுடையது. மலையாளி என்றதும் கேரளம் என்று நினைக்கக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள், மலையாளி. தமிழ்தான் பேசுவார்கள். வைகாசியில் திருவிழா. சுற்றுப்பட்டு மலைக் கிராமங்கள் எல்லாம் திரளும். வெளியே ஒரு அம்மாள் மிளகும் பலாச்சுளையும் விற்றுக்கொண்டிருந்தார். என் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்துப் பேச்சு வளர்ந்தது.

"நாங்க ஆதியில காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்கம்மா. அண்ணந்தம்பி மூணு பேரு. ஒருத்தரு இந்த மலை, ஒருத்தரு கொல்லிமலை, ஒருத்தரு பச்சமலை. ஆளுக்கொரு மலையா ஏறிட்டாங்க" என்றார் அந்த அம்மாள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற இந்தக் கதையை நூறு வருஷத்துக்கு முன்பே எட்கர் தர்ஸ்டன் துரை தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பெரியவள் அது வரைக்கும் சும்மா நின்றவள், திடீரென்று கேட்டாள்: "அப்புறம் அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கவே இல்லையா?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏஞ்சாமி பாக்காம? மலை விட்டு மலை பொண்ணு குடுத்து எடுத்துக்கிட்டுத்தான இருக்கோம். தூரம் போனா சொந்தம் அத்துப்போயிருமா?" என்று சொல்லி ஒரு பலாச்சுளையைக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. தங்கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். காற்றில் தூசி ஜாஸ்திதான்.

அந்த அம்மாளிடம் நான் இன்னொன்று கேட்டேன். இந்த மலையில் தேய்த்து வழவழப்பாக்கிய கல் கோடாலிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஃபூட் பொறுக்கிய பல்லாவரத்துக் கல்லைவிட ரொம்பப் பிந்தியவை, ஆனாலும் சில ஆயிரம் வருஷம் பழையவை, புதிய கற்காலத்தவை. உழும்போதும் வெட்டும்போதும் கிடைக்கிற இந்தக் கற்களை மலை ஜனங்கள் வீசி எறியாமல், மரத்தடியில் பிள்ளையாரோடு சேர்த்து வைத்துக் கும்பிட்டு வந்தார்கள் என்று பழைய ஆராய்ச்சிக் குறிப்புகளில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டேன். "பழசு எது கெடச்சாலும் சாமிகிட்ட வெச்சிருவோம். நம்ம வீட்டுல எதுக்கு?" என்றார் சாதாரணமாக. கண்ணாடிப் பெட்டி இல்லை, காவலாள் இல்லை, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறவர் இல்லை. ஆனால் தொலைந்தும் போகவில்லை. இதை மட்டும் அவள் தாத்தா வயசுக் கட்டடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. அவளே, "நசீஃப் வீட்டுக்கு எத்தனை வயசு பெரியம்மா? நூத்தம்பதா?" என்று கேட்டுவிட்டு விரல் மடித்தாள்.

மற்ற இடங்களை ஓட்டமாகப் பார்த்தோம். தாவர ஆராய்ச்சித் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்கிற குடுவைச் செடி இருக்கிறது. சின்னவன் அதன் முன்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு எறும்பாவது விழாதா என்று காத்திருந்தான். கிளியூர் அருவிக்குப் போகவில்லை. கோடையில் தண்ணீர் இருக்காது, படி இறங்கி ஏறுவது முழங்கால்காரர்களுக்குச் சரிப்படாது. மழைக்காலம் முடிந்து போகிறவர்கள் போகலாம், பாறை வழுக்கும், ஜாக்கிரதை. பகோடா பாயிண்டைக் காரிலிருந்தே பார்த்துக் கும்பிட்டுவிட்டோம். லேடீஸ் சீட்டில் மட்டும் பொழுது சாய்கிற வரை இருந்தோம். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சாயங்காலங்களில் வந்து உட்கார்ந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றியபோது சின்னவன், "நம்ம வீடு எது?" என்றான். பெரியவள் ஏதோ ஒரு விளக்கைக் காட்டி, "அதோ" என்றாள்.

இறங்குமுன் கடைத்தெருவில் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கினோம். நான் வறுத்த கொட்டை கேட்டேன். பெரியவள் அரைக் கிலோ வறுக்காத பச்சைக் கொட்டை வேண்டும் என்றாள். கடைக்காரரே ஒரு தினுசாகப் பார்த்தார். கஹ்வா போடுவதற்காம்.

மறுநாள் காலை சமையலறை அவள் வசம். செய்முறையை எழுதுகிறேன், செய்து பாருங்கள். பச்சைக் கொட்டை ஒரு கைப்பிடி எடுத்து, கனமான வாணலியில் சிறு தீயில் கிளறிக் கிளறி வறுக்க வேண்டும். நம் மாதிரி கறுக்க விடக் கூடாது. கோதுமை நிறம் வந்து, லேசாகப் பொன்னிறம் தட்டுகிறபோது இறக்கிவிட வேண்டும். ஆறினதும் ரவை பதத்துக்குப் பொடிக்கவும். வறுவல் குறைவானதால் கொட்டை கடினமாக இருக்கும், மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கவும். மூன்று டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது இரண்டு மேஜைக் கரண்டிப் பொடி போட்டு, சிறு தீயில் பத்து நிமிஷம். இறக்கும் சமயம் ஆறு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, இஷ்டமானால் இரண்டு இழை குங்குமப்பூ. மூடி வைத்து, கசடு அடியில் தங்கியதும் வடிகட்டவும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பார்க்க வெந்நீரில் மஞ்சள் போட்ட மாதிரி இருந்தாலும் காப்பி காப்பிதான். கர்ப்பிணிகளும் வயிற்றுப் புண் உள்ளவர்களும் ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில், கால் கிண்ணம்தான் ஊற்றுவார்களாம். குடித்து முடித்தவர் போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போனில் அவள் அப்பாவைப் பிடித்து, அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, குங்குமச் சிமிழ் அளவு கிண்ணத்தில் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சுக்குத் தண்ணியாட்டம் இருக்குது கண்ணு" என்று கிண்ணத்தை அப்படியே நீட்டினார்கள். ஆட்ட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவள் ஊற்றினாள். மறுபடி நீட்டினார்கள், மறுபடி ஊற்றினாள். நான்காவது கிண்ணத்துக்கு மாப்பிள்ளை அங்கிருந்து, "அத்தே, கிண்ணத்த ஆட்டுங்க, ஆட்டுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.